சபுராம்மாவின் ஏழு தட்டுகள்

செய்தி வந்தபோது என் இடது கை தோள் வரைக்கும் ஒரு பசுவுக்குள் இருந்தது. இண்டூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகை. கன்று தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே வராமல் கிடந்தது. போன் விடாமல் அடிக்கவே மாட்டுக்காரர் அதை எடுத்து என் காதோரம் பிடித்தார். பேசியது சபுராம்மாவிடம் வேலை செய்யும் செல்வி.

"டாக்டரம்மா, சபுராம்மா செத்துப்போயிட்டாங்க. வெடியக்காலையில நெஞ்ச வலிக்குதுன்னாங்க. தர்மபுரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க."

நான் முதலில் கேட்டது அவர் வளர்த்த பூனையைப் பற்றி; அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "மல்லிக்குச் சாப்பாடு வச்சாச்சா?"

செல்வி அழுகையை நிறுத்திவிட்டு, "வச்சிட்டேங்க. அதோட தட்டுலதான் வச்சேன். கையையும் கழுவிட்டேன்" என்றாள்.

கன்று உயிரோடு வெளியே வந்தது. நான் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு நேராகப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனேன்.

சபுரா பீவியைப் புளி மண்டிக்காரம்மா என்று அறிந்தவர்கள் இந்த ஊரில் பலர். சித்தேரி மலையிலிருந்து இறங்கும் புளியை வாங்கி, கொட்டை நீக்கி, வெளியூருக்கு அனுப்புவது அவர் தொழில். ராமநாதபுரத்துக் கடற்கரை ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இறந்தபின் மண்டியைத் தானே நடத்தினார். இறக்கும்போது வயது ஐம்பத்தாறு, என்னைவிட ஏழு வயது மூத்தவர். சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். நானோ மாடும் ஆடும் பார்க்கும் கால்நடை மருத்துவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். யாரிடமும் சட்டென்று ஒட்டுகிறவள் அல்ல. எங்களைச் சேர்த்து வைத்தது நட்பல்ல, ஒரு வைரஸ். அவரைப் பற்றி வேறு பலர் வேறு விதமாக எழுதலாம். அந்த வைரஸைப் பற்றி அவரிடமிருந்து தெரிந்துகொண்டதை நான்தான் எழுத வேண்டும்.

புளிக் கிடங்கு என்றால் எலி உண்டு, எலி என்றால் பூனை உண்டு. சபுராம்மாவிடம் ஒன்பது பூனைகள் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் பீடி என்ற பூனையைச் சாக்கில் சுற்றி என்னிடம் எடுத்து வந்தார். ஈறு வெள்ளைத்தாளைப் போல வெளுத்திருந்தது. காய்ச்சல், வாயில் புண், எலும்பு தெரியும் உடம்பு. யாரோ எலி மருந்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு, உண்ணியால் வரும் இரத்த நோயாக இருக்கும் என்று மருந்து கொடுத்தேன். பத்து நாளில் பீடி இறந்தது. அடுத்த மாதம் அதன் உடன்பிறப்பான சோடாவுக்கு அதே வெளுப்பு, அதே காய்ச்சல். அதுவும் போனது.

அப்போதுதான் எனக்கு லுக்கேமியா வைரஸ் என்ற சந்தேகம் வந்தது. பூனைகளுக்கு மட்டும் வருவது, இரத்தத்தையும் எதிர்ப்பு சக்தியையும் தின்றுவிடுவது. சோதித்துப் பார்க்கும் பெட்டி பெங்களூரிலிருந்து வர வேண்டும். அது வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று, படித்ததில் ஒரு பாதியை நினைவில் வைத்துக்கொண்டு சபுராம்மாவிடம் சொன்னேன்: "இது எச்சிலில் இருக்கும். கடித்தால் பரவும். சண்டை போடும் ஆண் பூனைகளைப் பிரித்து வையுங்கள். முதலில் தாசில்தாரை வெளியேற்றுங்கள்."

தாசில்தார் என்பது ஒரு தடித்த கறுப்புப் பூனை. வந்து, பார்த்து, சாப்பிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் போவதால் அந்தப் பெயர். எதிரில் வரும் எல்லாவற்றையும் அடிக்கும். காதில் பாதி இல்லை.

சபுராம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. ஆனா இதைக் கேளுங்க. சண்டை போடறவன் நல்லாத்தான் இருக்கான். சேர்ந்து படுத்து ஒண்ண ஒண்ணு நக்கிக்கிட்டுக் கெடந்ததுங்கதான் போச்சு."

"ரெண்டு பூனையை வச்சு முடிவு சொல்ல முடியாது" என்றேன். என் குரல் எனக்கே தெரியும். அது பாடம் நடத்துகிறவரின் குரல்.

"சரி, நான் பார்த்துச் சொல்றேன்" என்று போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். நடுப்பகல். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையில் புளியை வைத்துத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிடங்கின் இரும்புக் கதவு முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். ஒவ்வொரு பூனைக்கும் ஒரு வட்டம், உள்ளே பெயர். எது எதை நக்குகிறதோ அதற்கு ஒரு கோடு. எத்தனை முறை பார்த்தாரோ அத்தனை கோடு.

வேலையாட்களுக்குத் தலைவி மாதிரி இருந்த செல்வி என்னைப் பார்த்ததும் சொன்னாள்: "வாங்க டாக்டரம்மா. முதலாளியம்மா புளிய வுட்டுப்போட்டு, எவ எவன நக்கறான்னு கணக்கெடுத்துக்கிட்டு இருக்காங்க. ஊருல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்களோ!"

"உன் வூட்டுக் கதையையா எழுதினேன்? பூனைக் கதைதானே. கொட்டைய எடுடீ" என்றார் சபுராம்மா. பெண்கள் எல்லாம் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் மல்லி என்ற வட்டம். வெள்ளையில் சாம்பல் திட்டுள்ள தாய்ப் பூனை. கண் திறக்காத குட்டியாகக் கிடைத்து, சபுராம்மா துணியைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தது. பீடியும் சோடாவும் அது போட்ட குட்டிகள். இறந்த இரண்டையும் நினைவிலிருந்து எழுதியிருந்தார். மல்லியிலிருந்து அவற்றுக்குத் தடித்த கோடுகள். முட்டை என்ற இளம் பூனைக்கும் அப்படியே. ஜரிகை என்ற பூனைக்கு மெல்லிய கோடு ஒன்று. தாசில்தாரின் வட்டம் ஓர் ஓரத்தில் தனியே இருந்தது. அதற்கு யாரும் இல்லை.

ஏழு பூனைகளிடமும் இரத்தம் எடுத்தேன். செல்வி துண்டில் சுற்றிப் பிடித்தாள். தாசில்தார் எங்கள் இருவரையும் கீறியது. பத்து நிமிடத்தில் சோதனை அட்டைகளில் கோடுகள் தெரிந்தன: மல்லி, முட்டை, ஜரிகை மூன்றுக்கும் நோய் உண்டு; தாசில்தாருக்கும் மற்ற மூன்றுக்கும் இல்லை. நான் படித்ததன் மறுபாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடியால் பரவலாம், ஆனால் பெரும்பாலும் பரவுவது நாள்தோறும் பழகும் பழக்கத்தால். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வது, ஒரே பாத்திரத்தில் தின்பது, குடிப்பது. தாயிடமிருந்து வயிற்றிலேயே குட்டிக்குப் போகும், பாலிலும் போகும். குட்டிகளை எளிதில் பிடிக்கும். வளர்ந்த பூனை ஓரளவு தாக்குப் பிடிக்கும், சில அதை வென்றும் விடும். மல்லி நோயின் அறிகுறி ஒன்றுமில்லாமல் அதைச் சுமந்துகொண்டு எல்லாரையும் அன்பாக நக்கிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது மணி ஒன்று. சோற்று நேரம். ஒரு பெண் வழக்கம்போல அகலமான ஈயம் பூசிய பித்தளைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அதில் மீன் குழம்பு பிசைந்த சோறு. ஏழு பூனைகளும் வந்து வட்டமாகத் தலையைக் குனிந்தன.

அந்தத் தட்டின் கதையை இங்கே சொல்ல வேண்டும். சபுராம்மாவின் ஊரில் விருந்தென்றால் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சஹன் என்பார்கள். பிறந்த வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது அப்படி ஒரு தட்டு. இங்கே கணவர் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. பிறகு பூனைகளுக்கு எடுத்தார். "தனித்தனியா வச்சா தனித்தனியாப் போயிரும். ஒண்ணாத் தின்னாத்தான் ஒரு வூட்டுப் பிள்ளைங்கன்னு நெனைக்கும்" என்று முன்பே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று அவர் தட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூனைகளுக்கு நடுவே கையை விட்டுத் தட்டைத் தூக்கினார். தாசில்தார் சீறியது. அவர் தட்டோடு கிடங்கின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"மனுசனுக்கு நல்லதுதான். இதுங்களுக்கு ஆகல. நான்தான் என் கையால ஊட்டி வுட்டிருக்கேன்."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. உண்மையைத்தான் சொன்னேன். பீடிக்கும் சோடாவுக்கும் தாயிடமிருந்தே வந்திருக்கும்; மற்றவற்றுக்குத் தட்டும் ஒரு காரணம், தட்டு மட்டுமே காரணம் அல்ல. அவர் தலையாட்டினார். அன்று மாலைக்குள் கடைத்தெருவிலிருந்து ஏழு எவர்சில்வர் தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பாத்திரக் கடைக்காரரிடம் பெயர் வெட்டி வாங்கியிருந்தார்.

அடுத்த நாள் நான் சொன்ன ஆலோசனையை மறைக்காமல் எழுதுகிறேன். மல்லி, முட்டை, ஜரிகை மூன்றையும் கருணைக்கொலை செய்துவிடலாம் என்றேன். நோய் உள்ளதையும் இல்லாததையும் ஒரே கட்டடத்தில் வைத்துப் பிரிக்க ஒரு மண்டிக்காரரால் முடியாது என்று உறுதியாக நம்பினேன். ஒரு கதவு திறந்திருந்தால் போதும். மற்ற நாலும் போய்விடும்.

சபுராம்மா கோபப்படவில்லை. விலை பேசும்போது உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு கேள்வி. மனுசருக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது. நாய்க்கும் ஒட்டாது."

"காத்துல பறந்து போயி ஒட்டுமா?"

"இல்லை. நெருங்கிப் பழகினால்தான்."

"பாத்திரத்துல, துணியில எத்தனை நாள் உசுரோட இருக்கும்?"

"நாள் கணக்கில் இல்லை. காய்ந்தால் சில மணி நேரம். சோப்புப் போட்டுக் கழுவினால் உடனே செத்துவிடும்."

"அப்ப இது பூட்டுப் போட்டா நிக்கிற நோய் டாக்டரம்மா. பூட்டு என்கிட்ட நெறைய இருக்கு. நோவு தெரியாதவளுக்கு எதுக்கு ஊசி?"

மாடியறையை மல்லிக்கும் முட்டைக்கும் ஒதுக்கினார்; மண்டிப் பெண்களின் பேச்சில் அது பாசிட்டிவ் ரூம், கீழ்த்தளம் நெகட்டிவ் ரூம். ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தார். ஜரிகையையும் அவற்றோடு போடுங்கள் என்றேன். மூன்றுக்கும் நோய்தானே?

"ஒரு தடவைதானே பார்த்தீங்க? சில பூனை இதை ஜெயிச்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க? ஜெயிக்கப் போறவளைக் கொண்டுபோயி எதுக்கு அங்க தள்ளணும்?"

நான் சொன்னதுதான். சொல்லிவிட்டு மறந்திருந்தேன். ஜரிகையை அவர் தன் சமையலறையில் தனியே வைத்தார். பத்து வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது ஜரிகைக்கு நோய் இல்லை. இன்னொரு முறையும் பார்த்தேன். இல்லை. மல்லிக்கு அப்படியே இருந்தது. முட்டை அதற்கு முன்பே, ஒரு வெள்ளிக்கிழமை, அவர் மடியில் இறந்துவிட்டது. இந்த நோய்க்கு மருந்து கிடையாது; தடுப்பூசி உண்டு என்றாலும் எனக்கு இங்கே கிடைக்கவில்லை. எங்களிடம் இருந்தவை தட்டு, பூட்டு, சோப்பு.

அவற்றை அவர் நடத்திய ஒழுங்கை நான் எந்தப் பண்ணையிலும் பார்த்ததில்லை. முதலில் கீழே உள்ளவற்றுக்குச் சோறு, பிறகு மாடி. மாடியிலிருந்து இறங்கினால் கை கழுவி, மேலே போட்ட சட்டையை அங்கேயே மாட்டிவிட்டு வருவார். வேலைக்கு வரும் பெண்களுக்கும் அதே சட்டம். மண்டி வாசலில் யாராவது குட்டிகளை அட்டைப்பெட்டியில் விட்டுப் போவது ஊர் வழக்கம். முன்பென்றால் அன்றே தட்டில் சேர்த்துவிடுவார். இப்போது இரண்டு மாதம் பழைய எடைமேடை அறையில் தனி வாசம், முதலில் ஒரு சோதனை, முடிவில் ஒரு சோதனை, அதன்பின்தான் உள்ளே.

"கலெக்டராப் பொறந்திருக்க வேண்டியவங்க, புளி மண்டியில கெடக்கறாங்க" என்பாள் செல்வி.

"கலெக்டருக்கு லீவு உண்டுடீ" என்பார் அவர்.

ஒரே ஒரு குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. மல்லி தனியே இருந்தது. நக்குவதற்கும் ஆளில்லை, அதை நக்கவும் ஆளில்லை. ஒரு நாள் மாலை நான் மாடிக்குப் போனபோது, அவர் ஈரத்துண்டைச் சுட்டுவிரலில் சுற்றி அதன் நெற்றியில் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு மேலிருந்து காதுக்கு, காதின் பின்பக்கம், பிறகு தாடை, கடைசியில் கழுத்து.

"பூனை இப்படித்தான் நக்கும். ரெண்டு வாரம் பார்த்தேனே, வரிசை மனப்பாடம். அந்தப் பக்கம் இருந்து ஆரம்பிச்சா இவளுக்குப் புடிக்காது."

மல்லி கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அவர் கையை எச்சில் வழிய நக்கியது. அவர் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு என்னை அழைத்தார். பரணுக்குத் திரும்பியிருந்த சஹன் தட்டைத் துலக்கிப் பிரியாணி போட்டு, செல்வியையும் மற்ற பெண்களையும் சுற்றி உட்கார வைத்திருந்தார். எனக்குத் தனித் தட்டு வேண்டும் என்றேன். சாதி பார்த்தோ மதம் பார்த்தோ அல்ல. என் வீட்டிலேயே நான் அப்படித்தான். இன்னொருவர் கை படும் தட்டு எனக்கு ஆகாது.

சபுராம்மா உரக்கச் சொன்னார்: "டாக்டரம்மாவுக்கு நெகட்டிவ் ரூம்ல எலை போடுங்கடீ!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் தனி இலையில், கொஞ்சம் வெட்கத்தோடு, நன்றாகச் சாப்பிட்டேன். அதன்பின் ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்கு அந்த இலைதான்.

அவர் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி ஏறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இரண்டு முறை பார்த்தேன். போய் இதய மருத்துவரைப் பாருங்கள் என்றேன். "எனக்கெதுக்குங்க சோதனை? நான் யாருக்கும் பரப்ப மாட்டேன்" என்று சிரித்தார். பூனைக்கு இரண்டு முறை சோதனை கேட்டவர் தனக்கு ஒரு முறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. நானும் இன்னும் ஒரு முறை சத்தம் போட்டிருக்கலாம்.

ஏழு தட்டுகள் வந்த பிறகு அந்த மண்டியில் எந்தப் பூனைக்கும் புதிதாக நோய் வரவில்லை. இதை நான் நம்பிக்கையாகச் சொல்லவில்லை, ஒவ்வொரு பூனையையும் சோதித்துப் பார்த்த மருத்துவராகச் சொல்கிறேன். முடியாது என்று நான் சொன்னதை அவர் முடித்துக் காட்டினார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதலுக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவர் மகன் மண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பப் போகிறார். நல்ல பையன், அம்மா வளர்த்தவற்றைத் தெருவில் விட மனமில்லை என்றார். தாசில்தாரும் ஜரிகையும் மற்றவையும் மண்டியிலேயே இருக்கும், புதிதாக எடுக்கிறவருக்கும் எலித் தொல்லை உண்டு. மிச்சம் மல்லி. மாடியறையைக் காலி செய்ய வேண்டும்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான் தூக்கிட்டுப் போயிருவேன் டாக்டரம்மா. ஆனா எங்க வூட்டுல ரெண்டு இருக்குது. இவளுங்க எல்லார் வூட்டுலயும் ஒண்ணாச்சும் இருக்குது." சுற்றி இருந்த பெண்களைக் காட்டினாள். எல்லாருக்கும் மனம் இருந்தது. எல்லாருக்கும் சட்டமும் தெரிந்திருந்தது. பூனையே இல்லாத வீடு வேண்டும்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எனக்குத் தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூனைக்கு ஊசி போடச் சொன்னது நான்தான் என்று அவர்களில் ஒருத்தி நினைவுபடுத்தியிருக்கலாம். யாரும் நினைவுபடுத்தவில்லை.

"என் வீட்டில் ஒன்றும் இல்லை" என்றேன்.

சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அதே பித்தளைத் தட்டு நடுவில் இருந்தது. ஒரு மூலையில் எனக்கு மறக்காமல் இலை போட்டிருந்தார்கள். நான் இலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் செல்வியின் பக்கத்தில் தட்டருகே உட்கார்ந்தேன். அவள் கறித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினாள். எதிரே இருந்தவள் மட்டும், "பாசிட்டிவ் ரூமுக்கு வந்துட்டீங்களா டாக்டரம்மா" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சபுராம்மாவை அறிந்தவர்கள் என்னைப் பார்க்கும்போது மல்லி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது. எத்தனை நாள் என்று என்னால் சொல்ல முடியாது; சொல்ல முடியும் என்று பாவனை செய்யவும் மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இவை: அடியில் மல்லி என்று வெட்டிய ஒரு தட்டு, ஒரு பூட்டு, பழைய துண்டு ஒன்று. மாலையில் பிராக்டிஸ் முடிந்து வந்ததும் துண்டை நனைத்து விரலில் சுற்றிக்கொள்கிறேன். கண்ணுக்கு மேலிருந்து காதுக்கு, காதின் பின்பக்கம், தாடை, கழுத்து. முதல் வாரம் வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன். மல்லி தலையைத் திருப்பி, சரியான இடத்தை என் விரலுக்குக் காட்டியது.